அது என் பாடு இல்ல சார்

சென்ற வாரம் என் பழைய கல்லூரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசையையும் என் வகுப்புகளையும் எடுத்துக்கொண்ட விரிவுரையாளர். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. "மேடம், ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும். ஃபர்ஸ்ட் இயர் மேத்ஸ் எடுத்த அனுபவம். இனிய நினைவுகளா இருந்தா நல்லா இருக்கும்" என்றாள். கூடவே வாட்சாப்பில் ஒரு படமும் அனுப்பினாள். முதலாம் ஆண்டு நுண்கணிதத்துக்குச் 'சக மாணவர் கற்றல் வட்டம்' என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார்களாம். ஐந்தைந்து பேராகக் குழு. ஆளுக்கொரு கணக்கைப் போட்டு மற்ற நாலு பேருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். படத்தில் கத்தரிக்கோலோடு ரிப்பன் முன்னால் நின்று சிரிக்கிறவர் இன்றைய முதல்வர். என் காலத்தில் அவர்தான் எங்கள் கணிதத் துறைத் தலைவர்.

இதே காரியத்தைச் செய்ததற்காகத்தான் இந்த மனிதர் ஒரு பெண்ணின் படிப்பைத் திசை திருப்பிவிட்டார். அப்போது அதற்கு அவர் வைத்த பெயர் கற்றல் வட்டம் இல்லை, களவாணித்தனம். இனிய நினைவுகள் வேண்டுமாம். என்னிடம் இருப்பதைத் தருகிறேன், மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும்.

என்னைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறந்து வளர்ந்ததெல்லாம் பழவேற்காடு பஜார் பக்கம். என் நைனா மீன் வியாபாரிகளிடம் ஐஸ் உடைக்கிற வேலையில் இருந்தார். நான் பொன்னேரிக்குப் பஸ்ஸிலும் பிறகு சென்னைக்கு ரயிலிலும் போய்க் கணிதம் படித்தேன். கொஞ்ச காலம் டியூஷன், கொஞ்ச காலம் பள்ளிக்கூடம். பிறகு நெடுஞ்சாலையோரம் பொறியியல் கல்லூரி ஒன்று வந்தது. சேர்ந்தவள் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன், முதலாம் ஆண்டை விட்டு நகரவும் இல்லை. மேல் வகுப்புகளுக்குப் போகச் சொல்லிக் கேட்டார்கள். நான் போகவில்லை. லிமிட் என்றால் என்னவென்று தெரியாமல் வருகிற பிள்ளைக்கு அது தெரிகிற கணம் முதலாம் ஆண்டில்தான் வரும், அதை ஏன் இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பேன்?

இந்த முதலாம் ஆண்டுக் கணக்கு எப்படி நடக்கிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்த இரண்டாவது வாரமே இயற்பியல் ஆசிரியர், வேகத்தைத் தொகையிட்டால் தூரம் வரும் என்று போர்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். தொகையிடுவது எப்படி என்று கணக்கு வகுப்பில் சொல்லித்தர இன்னும் ரெண்டு மாதம் ஆகும். முதலில் அணிகள், பிறகு வகையீடு, பிறகுதான் தொகையீடு. நடுவில் பிள்ளைகள் விழிக்கும். இங்கிலீஷ் மீடியத்தில் வந்தவர்கள் பிளஸ் டூவில் கோச்சிங் போய் ஏதோ தெரிந்து வைத்திருப்பார்கள். பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து தமிழில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் 'இன்டெக்ரேஷன்' என்றால் தாங்கள் பள்ளியில் படித்த தொகையீடுதான் அது என்றே தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் நான் ஆரம்பத்திலேயே ரெண்டு வகுப்பு ஒதுக்கி, சாய்வு என்றால் என்ன, பரப்பு என்றால் என்ன, ரெண்டுக்கும் என்ன உறவு என்று படம் போட்டுச் சொல்லிவிடுவேன். துறைத் தலைவருக்குத் தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

அவர் மேற்கு மாவட்டத்துக்காரர். ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். சட்டைப்பையில் எப்போதும் சிவப்புப் பேனா. அடுத்தவர் வகுப்புக்குப் பார்வையிட வந்தால் கையோடு தன் டஸ்டரையும் கொண்டுவருவார். நாம் எழுதி வைத்திருப்பதை, மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக, ஒரு பொட்டுகூட மிச்சமில்லாமல் அழிப்பார். பிறகு இடது பக்கம் ஒரு மார்ஜின் கோடு கிழிப்பார். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பார். முழுப் பாடத்தையும் நடத்திவிட்டு நிற்கிற ஆசிரியருக்கு அந்த அழிப்பு எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். உன் பாடம் முடிந்தது, இனி என் பாடம் என்று அர்த்தம்.

"யூனிட் ஒண்ணு முடிக்காம யூனிட் நாலு எப்படிங்க மேடம் நடத்துவீங்க?" என்றார்.

"பிசிக்ஸ்ல இப்பவே வேணும் சார். பிள்ளைங்களுக்குப் புரியல."

"புரியறது அப்புறமுங்க. பரீட்சைக்குக் கேள்வி வங்கி கொடுத்திருக்கறமுங்களே, அத மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க. பாஸாயிருவாங்க."

கேள்வி வங்கி என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பழைய வினாத்தாள்களிலிருந்து பொறுக்கிய கணக்குகளுக்கு விடையை வரி வரியாக எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுப்பார். அறுபது பிள்ளைகளும் அதே வரி, அதே வரிசை, அதே இடத்தில் 'ஆகவே' என்று எழுதுவார்கள். அதை அவர் தேர்ச்சி என்று சொல்வார். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்குக் கோபம் வரும்போது உங்களுக்கும் வர வேண்டும்.

நான் அவர் சொன்னதைக் கேட்கவில்லை. வாரம் ஒரு டியூட்டோரியல் வகுப்பு என் கையில் இருந்தது. ஒவ்வொரு வாரமும் கேள்வி வங்கியில் இல்லாத ஐந்து கணக்குகள் கொடுப்பேன். நோட்டில் எழுதிக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் யாராவது போர்டுக்கு வந்து ஒரு கணக்கைப் போட்டு, மற்றவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னால் தனி மதிப்பெண். அது இன்டர்னலில் சேரும்.

அமுலுவின் வருஷத்துக்கு வருகிறேன். முழுப் பெயர் அமுதவல்லி. ஊர் ஏரிக்கரையில் கோட்டைக்குப்பம். சிவில் பிரிவில் சேர்ந்திருந்தாள், ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது எலக்ட்ரானிக்ஸ். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்தால் தொழிற்பேட்டை; அங்கே எலக்ட்ரானிக்ஸ் படித்தால் வீட்டிலிருந்தே போய்வருகிற வேலை கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். முதலாம் ஆண்டில் அரியர் இல்லாமல் நல்ல மதிப்பெண் எடுத்தால் இரண்டாம் ஆண்டில் பிரிவு மாறிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. எலக்ட்ரானிக்ஸில் ஒரே ஒரு இடம் அதற்கென்று இருந்தது. அவள் அந்த ஒரு இடத்தைக் குறிவைத்துத்தான் படித்தாள்.

அவளோடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து நாலு பையன்கள் அதே வகுப்பில். எல்லோரும் தமிழ் மீடியம். எல்லோரும் பழவேற்காட்டிலிருந்து கிளம்புகிற கல்லூரி பஸ்ஸில்தான் வருவார்கள், நானும் அதே பஸ்தான். முதல் சில வாரங்கள் அந்த ஐந்து நோட்டுகளும் அழ வைத்தன. ஒரு கணக்குகூட முடிந்திருக்காது. திடீரென்று ஒரு வாரம் ஐந்து பேரும் ஐந்து கணக்கையும் முடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். எல்லா நோட்டிலும் ஒரே மாதிரி விடை. நான் ஐந்து பேரையும் தனித்தனியாக நிறுத்திக் கேட்டேன். இந்த வரி எப்படி வந்தது, இதை ஏன் இப்படி மாற்றினாய் என்று. எல்லோரும் பதில் சொன்னார்கள்.

"எப்படிடா?" என்றேன்.

மணி என்கிற பையன்தான் வாயைத் திறந்தான். "பாடு போட்டுக்கினோம் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழவேற்காட்டுக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் வலை கட்டுகிற இடமெல்லாம் ஒன்றுபோல் இருக்காது. முகத்துவாரத்தை ஒட்டிக் கட்டினால் இறால் நிறைய வரும், உள்ளே தள்ளிக் கட்டினால் சேறும் பாசியும்தான். எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் வெட்டுக்குத்து. அதனால் ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவருக்கு என்று முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. ஒருவருடைய பாட்டில் இன்னொருவர் வலை கட்டக்கூடாது. கட்டினால் ஊர் விடாது.

இந்தப் பிள்ளைகள் என் ஐந்து கணக்குகளையும் ஐந்து இடமாக வைத்துவிட்டார்கள். வாராவாரம் மணியின் டிபன் பாக்ஸ் மூடியில் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு கணக்கு. யாருக்கு எது விழுகிறதோ, அதை அவர்தான் எப்பாடுபட்டாவது போட வேண்டும். போட்டதை பஸ்ஸில் மற்ற நாலு பேருக்கும் புரிகிறவரை சொல்ல வேண்டும். வகுப்பில் போர்டுக்குப் போகிற உரிமையும் அவருக்குத்தான், ஏனென்றால் அந்த மதிப்பெண் அவருடையது. மற்றவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து கேள்வி கேட்கலாம், ஆனால் எழுந்து போய்ச் சாக்பீஸைத் தொடக்கூடாது. இதையெல்லாம் அவர்களே வகுத்துக்கொண்டார்கள். நான் அனுமதித்தேன். சரியாகத்தான் அனுமதித்தேன், இன்றைக்குக் கேட்டாலும் அனுமதிப்பேன். காலைநேர பஸ்ஸின் கடைசி சீட்டில், ஜன்னல் கண்ணாடியின் பனியில் விரலால் தொகைக்குறி போட்டு அமுலு சண்டை பிடிப்பதைக் கேட்டுக்கொண்டு வருவதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

அந்தச் செமஸ்டரின் கடைசியில் துறைத் தலைவர் என் டியூட்டோரியலைப் பார்வையிட வந்தார். வழக்கப்படி போர்டை அழித்தார், மார்ஜின் கிழித்தார். அந்த வாரக் கணக்குகளில் ஒன்றை எழுதினார். லாக் எக்ஸைத் தொகையிட வேண்டும்.

பார்க்கச் சின்னக் கணக்கு. ஆனால் முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் இதில் சிக்குவார்கள். பகுதித் தொகையிடலுக்கு ரெண்டு சார்புகள் பெருக்கலில் இருக்க வேண்டும். இங்கே ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னொன்று என்ன? ஒன்றுதான். வெறும் எண் ஒன்று. லாக் எக்ஸை ஒன்றால் பெருக்கினால் அது மாறாதே, ஆகவே அந்த ஒன்று எப்போதும் அங்கே இருக்கிறது, நாம்தான் பார்ப்பதில்லை. அதை எடுத்துத் தொகையிட்டால் எக்ஸ். மற்றதெல்லாம் தானாக அவிழும். எக்ஸ் லாக் எக்ஸ், கழித்தல் எக்ஸ், கூட்டல் மாறிலி. இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை போட்டிருக்கிறேன், இன்னும் எனக்கு அலுக்கவில்லை.

அந்த வாரம் அந்தக் கணக்கு மணிக்கு விழுந்திருந்தது. துறைத் தலைவர் முன் பெஞ்சைப் பார்த்தார். அமுலு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, வாம்மா. வந்து இதப் போடு."

அமுலு எழுந்தாள். போர்டைப் பார்த்தாள். திரும்பி மணியைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கணக்கு தலைகீழாகத் தெரியும், காலையில் பஸ்ஸில் மணியோடு வாதாடியதை நானே கேட்டேன்.

"அது என் பாடு இல்ல சார்" என்றாள்.

ஏரிக்கரையைத் தாண்டிய தமிழ்நாடு முழுக்க அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. உன் பாடு, என் பாடு என்றால் எனக்கென்ன வந்தது, நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவளோ மணியின் மதிப்பெண்ணைத் தான் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று சொல்கிறாள். கேட்கிறவர் காதில் விழுந்தது, 'எனக்கென்ன, போய்யா' என்று.

"என்னம்மா சொன்ன?" என்றார் மெதுவாக.

"மணி பாடு சார் அது. அவன் போடுவான்."

நான் குறுக்கே போனேன். "சார், இவங்க ஊருல பாடுன்னா முறை. யாருக்கு எந்தக் கணக்குன்னு இவங்க…"

"இருங்க மேடம்." அவர் கையைக் காட்டினார். "அஞ்சு பேர் நோட்டையும் எடுத்துட்டு என் ரூமுக்கு வாங்க."

அறையில் ஐந்து நோட்டுகளையும் மேசைமேல் வரிசையாக விரித்து வைத்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தைச் சுழித்தார். முந்தின வாரக் கணக்கு ஒன்றில் சைனைத் தொகையிடும்போது வர வேண்டிய மைனஸை மணி விட்டிருந்தான். ஐந்து நோட்டிலும் மைனஸ் இல்லை.

"அஞ்சு பேருக்கும் ஒரே எடத்துல மைனஸ் காணாமப் போகுமுங்களா மேடம்? இதுக்குப் பேரு கூட்டுக் களவாணித்தனமுங்க."

"ஒருத்தன் போட்டு மத்தவங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான் சார். சொன்னவன் தப்பு பண்ணா கேட்டவங்களுக்கும் அதே தப்பு வரும். உங்க கேள்வி வங்கியில மூணாவது கணக்குல ஒரு தப்பு இருந்துச்சே, அறுபது பேரும் அதையேதானே பரீட்சையில எழுதினாங்க? அதுக்குப் பேரு என்ன சார்?"

அவர் முகம் மாறவில்லை. குரலும் மாறவில்லை. "அது டிப்பார்ட்மென்ட் மெட்டீரியலுங்க" என்றார்.

இப்போதும் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. மேலிருந்து வந்த தப்பை அறுபது பேர் எழுதினால் அது மெட்டீரியல். ஒரு பையன் பஸ்ஸில் உட்கார்ந்து தானாக யோசித்துச் செய்த தப்பை நாலு பேர் எழுதினால் களவாணித்தனம்.

தண்டனை இதுதான். முறைகேடு என்று அறிக்கை போகும். அதில் பெயர் இருந்தால் அந்தச் செமஸ்டர் கணக்குப் பரீட்சை எழுத முடியாது. அதாவது அரியர். அமுலுவுக்கு அரியர் என்றால் எலக்ட்ரானிக்ஸ் போச்சு. ஆனால் இவர் ஐந்து பேரையும் எழுதவில்லை. ஏன் தெரியுமா? இரக்கம் இல்லை. ஐந்து பேர் போனால் துறையின் தேர்ச்சி சதவீதம் இறங்கும்.

"ஒருத்தர் போட்டிருப்பாங்க, நாலு பேர் பாத்து எழுதியிருப்பாங்க" என்றார். "யார் ஆரம்பிச்சதுன்னு அவங்களே சொல்லட்டுமுங்க. திங்கக்கெழமைக்குள்ள. ரிப்போர்ட்டுக்கு ஒரு பேர் போதும். மத்தவங்களுக்கு வார்னிங்."

"அனுமதிச்சது நான். என் பேரை எழுதுங்க."

"ஸ்டாஃப் பேரெழுத அந்த பார்ம்ல எடமில்லீங்க மேடம்."

அன்று வெள்ளிக்கிழமை. ஐந்து பேரிடமும் அவர் கேட்டதைச் சொன்னேன். சாயங்காலம் பஸ்ஸில் நான் முன்சீட்டில் தலைவலியோடு உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது மணியின் டிபன் பாக்ஸ் மூடி கடைசி சீட்டில் கைமாறிக்கொண்டிருந்தது. இத்தனை நடந்தும் அடுத்த வாரக் கணக்குக்குச் சீட்டுப் போடுகிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பழவேற்காட்டில் இறங்கியதும் மணி பின்னாலேயே ஓடி வந்தான். அழுதிருந்தான்.

"மேடம், அமுலு பேரு வுழுந்துடுச்சு."

"எதுக்கு?"

"யார் பேரு குடுக்கறதுன்னு பாடு போட்டோம் மேடம். மைனஸ வுட்டது நானு, நானே போறேன்னு சொன்னேன். எல்லாரும் சேந்துதானே பண்ணோம், சீட்டு போட்றதுதான் நாயம்னு சொன்னாங்க. அமுலு பேர போட வேணாம்னுதான் மேடம் நாங்க சொன்னோம். பொம்பளப் புள்ளைங்களுக்கு ஏது பாடு? அவதான் கேக்கல. கணக்குக்குப் போடும்போது என் பேரு இருந்துச்சுல்ல, இதுக்கும் போடுன்னு புடிவாதமா நின்னா."

நடுரோட்டில் நின்று அவனைத் திட்டினேன். பிறகு எதற்குத் திட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. திட்டப்பட வேண்டிய ஆள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒரு பெயருக்குக் காத்திருக்கிறார்.

சனிக்கிழமை அரைநாள் கல்லூரி. அப்போதிருந்த முதல்வரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், யார் வம்புக்கும் போக மாட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, "ஹெச்.ஓ.டி. ஒரு முடிவு எடுத்தா நான் குறுக்க வர்றது நல்லா இருக்காதும்மா" என்றார். நான் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி அந்த ஐந்து பேரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்துத் தேர்வு வையுங்கள் என்றேன். தெரிந்து எழுதினார்களா, பார்த்து எழுதினார்களா என்று அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். "அதெல்லாம் நடைமுறையில இல்லம்மா" என்றார். கணக்குத் தெரிகிறதா என்று சோதிப்பது ஒரு கல்லூரியில் நடைமுறை இல்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை கோவிலிலிருந்து நேரே கோட்டைக்குப்பம் போனேன். அமுலுவின் அப்பா தேசப்பன் வீட்டு வாசலில் வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"வாங்க டீச்சரம்மா. இன்னா இப்டி ஆயிடுச்சு."

"அண்ணே, நாளைக்கு அவ போய் ஒத்துக்கக் கூடாது. அஞ்சு பேரும் ஒரே பேச்சா, யாரும் காப்பி அடிக்கலைன்னு நிக்கட்டும். சதவீதத்துக்குப் பயந்து அந்த ஆள் அஞ்சு பேரையும் எழுத மாட்டார். நான் பாத்துக்கறேன்."

"எழுதிட்டார்னா?" என்றார் தேசப்பன்.

அவர் வலையைக் கீழே வைத்தார். "நான் ஒண்ணு சொல்றேன் டீச்சரம்மா. சீட்டுல அவ பேர போட்டதே தப்பு. ஏரில பாடு ஆம்பளைங்க பேர்லதான். பொம்பளப் புள்ள பேர்ல சீட்டு வுழுந்தா அது செல்லாது. செல்லாதுன்னா திரும்பப் போட்டே ஆவணும். நானே அந்த நாலு பசங்க ஊட்டுக்கும் போய்ச் சொல்றேன். பெரியவங்க யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க. வேற பேரு வுழட்டும்."

எனக்கு உயிர் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வேறு எந்த நியாயமும் எனக்குத் தோன்றவில்லை. யார் பெயரோ விழட்டும், இவள் தப்பிக்கட்டும். "சரியா சொன்னீங்க அண்ணே. செல்லாதுன்னு சொல்லிடலாம்" என்றேன்.

அமுலு உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். அழவெல்லாம் இல்லை. அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ள பேரு செல்லாதா மேடம்?"

"இந்த ஒரு தடவை மட்டும்டி. உன் படிப்புக்காக."

"நைனா சொல்லலாம், அது ஏரி நாயம். நீங்களும் சொல்றீங்களே. செல்லாதுன்னா, என் பாடுன்னு நான் போர்டுல வந்து போட்ட கணக்கெல்லாம்? அதுவும் செல்லாதா?"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் போர்டுக்கு முன்னால் நின்று, எந்தக் கேள்விக்கும் பின்வாங்காதவள் நான். அவளிடம் நேரமாச்சு என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன். தேசப்பன் வலையை எடுத்து மறுபடி மடியில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவள் தனியாகத் துறைத் தலைவர் அறைக்குப் போய், நான்தான் சார் ஆரம்பிச்சேன் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அவர் அவளுக்கு ஒழுக்கத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் மென்மையாக எடுத்துச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். நாலு பையன்களும் அந்தச் செமஸ்டர் கணக்கில் பாஸ். லாக் எக்ஸ் கணக்கு பரீட்சையில் வந்தது, நாலு பேரும் சரியாகப் போட்டார்கள்.

அமுலு அடுத்த முறை அரியர் எழுதி நல்ல மதிப்பெண் எடுத்தாள். சிவிலையே முடித்தாள். இன்று ஒரு கட்டுமானக் கம்பெனியில் வேலை, ஊர் ஊராகப் போகிற வேலை, கோட்டைக்குப்பத்துக்கு வருஷத்தில் ரெண்டு முறை வருகிறாள். நன்றாகத்தானே இருக்கிறாள் என்று யாரும் என்னைச் சமாதானப்படுத்த வர வேண்டாம். அவள் நன்றாக இருப்பது அவளுடைய சாமர்த்தியம், அதில் எங்கள் கல்லூரிக்குப் பங்கு எதுவும் கிடையாது.

பிரிவு மாறுவதற்கான அந்த எலக்ட்ரானிக்ஸ் இடத்துக்கு அந்த வருஷம் அரியர் இல்லாத வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டாம் ஆண்டு முழுக்க, மூன்றாம் ஆண்டு முழுக்க, நாலாம் ஆண்டும் முடிகிறவரை அந்த இடம் காலியாகவே கிடந்தது.